பதினேழாம் கேட்டில் மாமியார்

மண்டி போடுவதில் அவளுக்குச் சின்ன வயதிலேயே நல்ல தேர்ச்சி. வகுப்பில் பேசினால் மண்டி, சிரித்தால் மண்டி, பக்கத்தில் இருப்பவள் சிரித்து அதற்கு இவள்தான் காரணம் என்று தெரிந்தால் அதற்கும் மண்டி. கணக்கு டீச்சர் கொடுத்த தண்டனையை அவள் பயிற்சியாக எடுத்துக்கொண்டாள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், கால் மரத்துப்போவது அவளுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

பாட்டில் தொழிற்சாலைக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் ஒரு படகு கிளப் இருந்தது. அங்கேயே பழியாய்க் கிடக்கும் அண்ணனைச் சாப்பிடக் கூப்பிடப் போனாள் ஒரு நாள். "என் ஜோடிக்கு ஜுரம். யாராவது முன்னாடி மண்டி போட்டு உக்காருங்கப்பா, ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடலாம்" என்று அண்ணன் கெஞ்சிக்கொண்டிருந்தான். பெரிய பையன்களெல்லாம் முழங்காலைத் தடவியபடி வானத்தைப் பார்த்தார்கள். இவள் ஏறி உட்கார்ந்தாள். அந்த ஒரு ரவுண்டில் படகு இரண்டு தடவை கவிழ்ந்தது. கரையேறியதும் அண்ணன் அழுதான். இவள் மூக்கைச் சிந்திவிட்டு, அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டாள்.

அண்ணன் அடுத்த வருடமே பைக் வாங்கிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் தலைவைத்துப் படுப்பதை விட்டான். இவள் தங்கிவிட்டாள். மண்டி போட்டே துடுப்புப் போட்டதில் இரண்டு முழங்காலிலும் காய்ப்பு ஏறி, கிளப்பில் அவளுக்கு 'முட்டி' என்று பெயர் விழுந்தது. சின்னப் பெண்கள் முட்டியக்கா என்பார்கள். பிற்பாடு புருஷன்கூட வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டான். அவள் கோபித்துக்கொண்டதில்லை. விளையாட்டுக்காரர்களுக்குக் கழுகு, சிறுத்தை, மின்னல் என்றெல்லாம் பட்டம் கிடைக்கிற உலகத்தில் தனக்கு ஒரு மூட்டு கிடைத்ததே என்று மட்டும் எப்போதாவது சொல்வாள்.

இந்த விளையாட்டை ஒரு பத்தியில் விளக்கிவிடலாம். ஏன் விளையாடுகிறார்கள் என்பதைத்தான் விளக்க முடியாது. ஸ்லாலம் என்று பெயர். வேகமாக ஓடும் தண்ணீருக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் கம்பி கட்டி, ஜோடி ஜோடியாகக் கம்புகளைத் தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு ஜோடியும் ஒரு கேட். பச்சைக் கேட் என்றால் தண்ணீரோடு புகுந்து போக வேண்டும். சிவப்புக் கேட் என்றால் தாண்டிப் போய், படகைத் திருப்பி, தண்ணீரை எதிர்த்து ஏறி வர வேண்டும். ஒற்றைத் துடுப்பு, மண்டி போட்ட கால், இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். கம்பைத் தொட்டால் இரண்டு விநாடி கூடும். கேட்டையே விட்டுவிட்டால் ஐம்பது விநாடி, அதாவது படகைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். உடம்பு பட்டாலும் தொட்டதுதான், துடுப்பு பட்டாலும் தொட்டதுதான், முதுகுக்குப் பின்னால் எங்கோ இருக்கும் படகின் வால் பட்டாலும் தொட்டதுதான். தெறிக்கிற தண்ணீர் பட்டால் மட்டும் குற்றமில்லை.

முட்டிக்கு இந்த விதிகளெல்லாம் அத்துப்படி. ஒரே ஒரு விதிதான் தொண்டையில் நின்றது. மண்டி போட்டுப் போகும் படகில் பெண்களுக்குப் பிரிவே கிடையாது. பெண்கள் உட்கார்ந்து இரட்டைத் துடுப்புப் போடலாம், மண்டி போடக் கூடாது. உலகத்தில் மற்ற எல்லா இடத்திலும் பெண்களை மண்டி போடச் சொல்கிறவர்கள் இங்கே மட்டும் கூடாது என்றார்கள்.

"உக்காந்து போற படகுக்கு மாறிக்கோயேன்" என்றார் கிளப் செயலாளர். டயர் கடைக்காரர். எதையும் மாற்றிப் பூட்டினால் ஓடிவிடும் என்று நம்புகிறவர்.

"உக்காந்தா எனக்குத் தூக்கம் வரும் சார்" என்றாள் முட்டி.

அதனால் அவளை முன்னோட்டத்துக்கு விட்டார்கள். போட்டி நாளன்று கம்புகளை இடம் மாற்றிக் கட்டுவார்கள். போட்டியாளர்கள் யாரும் அதில் பழகிப் பார்க்கக் கூடாது. கரையில் நடந்து பார்க்கலாம், கையைக் காற்றில் ஆட்டி ஒத்திகை பார்க்கலாம், தண்ணீரில் இறங்கக் கூடாது. போட்டியில் இல்லாத ஒருவர் முதலில் இறங்கிப் போவார். எந்தக் கேட்டில் தண்ணீர் என்ன வம்பு செய்கிறது என்று மற்றவர்கள் அவரைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். கல்யாண வீட்டில் முதல் பந்தி சாப்பிட்டுவிட்டு, குழம்பில் உப்பு சரியா என்று சொல்கிற வேலை மாதிரி. முட்டி பத்து வருடத்துக்கு மேல் உப்புப் பார்த்தாள். அவள் ஓட்டத்துக்கு நேரம் எடுக்க மாட்டார்கள். கரையில் நிற்கும் ஆண்கள் சிலர் தங்கள் கடிகாரத்தைத் திருட்டுத்தனமாக அழுத்துவார்கள். அவள் கீழே போய்ச் சேர்ந்ததும் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள்.

அவள் முப்பதைத் தாண்டிய பிறகு ஒரு நாள், எங்கோ ஒரு பெரிய அறையில் பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்த சிலருக்கு ஞானம் பிறந்து, பெண்களும் மண்டி போடலாம் என்று தீர்மானமாயிற்று. முட்டியின் முதுகில் முதன்முறையாக ஓர் எண் ஏறியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் அதைக் கழற்றாமல் வெங்காயம் நறுக்கினாள்.

வீடு மூன்றாம் மாடியில். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் அவன்தான் பார்த்துக்கொள்கிறான், ஆனால் அவன் பெண்டாட்டியின் படகு எந்த லிஃப்டிலும் நுழையாது. ஒவ்வொரு தடவையும் முன்னால் அவனும் பின்னால் அவளுமாகப் படியில் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். முதல் மாடிக்காரர் கதவைத் திறந்து, "இன்னிக்கும் கப்பல் வந்துடுச்சா?" என்பார். கூடத்தில் சுவரோரம் படகு படுத்திருக்கும். சமையலறைக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அதன்மேல் ஈரத் துண்டுகள் காயும். காயப்போடுவது மாமியார். எடுத்துப் போடுவது முட்டி. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, வார்த்தை ஒன்றும் இல்லாமல், இந்தப் போக்குவரத்து நடக்கும்.

மாமியார் நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பாஸ் காலாவதியான சொந்தத் தம்பிக்கே அபராதம் போட்டவர் என்பது குடும்பத்தில் பிரசித்தம். அந்தத் தம்பி இன்றைக்கும் அக்கா வீட்டுக்கு நடந்தே வருகிறார். ஓய்வு பெற்ற பிறகு இந்த அம்மாளுக்கு மனிதர்களைச் சந்தேகப்பட வழியில்லாமல் கை நமநமத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகள் அப்படி எங்கேதான் போகிறாள் என்று பார்க்க ஒரு தடவை கூடவே வந்தார்.

யாரும் பார்க்க வராத விளையாட்டில் வருகிறவர்களெல்லாம் உறவினர்கள், உறவினர்களெல்லாம் நடுவர்கள். உட்கார நாற்காலி கொடுத்தால் கூடவே வேலையும் கொடுப்பார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் கரையில் இரண்டு பேர். படகு கடந்ததும் பூஜ்யம், இரண்டு, ஐம்பது என்று எழுதிய அட்டைகளில் ஒன்றைத் தூக்கிக் காட்ட வேண்டும். சொந்தக்காரர் படகுக்குச் சொந்தக்காரர் அட்டை தூக்கக் கூடாது என்று முன்பு ஒரு கட்டுப்பாடு இருந்ததாம். அப்படிப் பார்த்தால் அட்டை தூக்க ஆளே இல்லை என்று தெரிந்து கைவிட்டுவிட்டார்கள். பொதுவாக அம்மாக்கள் கருணையுள்ளவர்கள். அப்பாக்கள் அடுத்த வீட்டுப் பையனிடம் மட்டும் கண்டிப்பானவர்கள். மாமியார் உட்கார்ந்த முதல் நாளே படகு படகாக 'இரண்டு' பறந்தது.

"யாருக்கா அது? டிக்கெட் செக்கிங் மாதிரி உக்காந்திருக்காங்க?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள்.

"டிக்கெட் செக்கிங்தான்" என்றாள் முட்டி.

முட்டிக்கு வேலை ஒரு கண்ணாடிக் கடையில். முன்னால் ஷோகேஸில் நின்று "இது உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு மேடம்" என்று சொல்கிற வேலை இல்லை. பின்னறையில், பல்லி மாதிரி கிரீச்சிடும் ஒரு மெஷின் முன்னால் நின்று, லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துகிற வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். "முட்டிக்கு ஓய்வு நின்னாத்தான்" என்பாள். விடியற்காலையில் கால்வாய், பிறகு கடை, சாயங்காலம் மறுபடி கால்வாய். குழந்தை எப்போது என்று கேட்கிறவர்களுக்குப் படகைக் காட்டுவாள். சிலர் சிரிப்பார்கள். மாமியார் சிரித்ததில்லை, கேட்டதும் இல்லை.

அந்த வருடம் தேர்வுப் போட்டி அவர்கள் கால்வாயிலேயே வைத்தார்கள். முதல் மூன்று பெண்கள் நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிநாட்டுப் போட்டிக்குப் போகலாம். முட்டிக்கு வயது முப்பத்தைந்து. அடுத்த வருடம் தோள் என்ன சொல்லுமோ தெரியாது, சின்னப் பெண்கள் இன்னும் வேகமாவார்கள் என்பது மட்டும் தெரியும். இத்தனை வருடம் அடுத்தவர்களுக்கு வழிகாட்டிவிட்டுக் கணக்கில் வராமல் கரையேறியவளுக்கு, ஒரே ஒரு தடவை கணக்கில் வர வேண்டும் என்று இருந்தது. வேறொன்றும் கேட்கவில்லை. சட்டைகூட அளவு சரியாக இல்லாவிட்டால் பரவாயில்லை என்று புருஷனிடம் சொல்லியிருந்தாள்.

இரண்டு ஓட்டம். எது நல்லதோ அது கணக்கு. முதல் ஓட்டத்தில் தண்ணீர் அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பச்சைக் கேட்டுக்கு வெளியே விட்டது. ஆக, எல்லாம் இரண்டாவதில்தான்.

அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசும்போது கையை முன்னால் நீட்டி வளைக்கிறார்கள், வார்த்தை போதாமல். முட்டி தண்ணீரோடு மல்லுக்கட்டவில்லை. தண்ணீர் எங்கே போக நினைத்ததோ அதற்கு அரை விநாடி முன்னால் அங்கே இருந்தாள். பாலத்தடியில் இருந்த மூன்று கேட்டுகளையும் ஒரே மூச்சில் கோத்தாள். பதினேழு சிவப்பு. சின்ன அருவிபோல் தண்ணீர் குதித்து விழும் இடத்துக்குக் கீழே, இடது கரையோரம். குதித்து, துடுப்பைக் குத்தி நிறுத்தி, படகைச் சுழற்றி, கம்புக்கு அந்தப் பக்கம் தோளை வளைத்து நுழைத்து ஏறினாள். படகு ஏறியதும் மறுபடி திரும்பிக் கீழே பாய்ந்தாள். பின்னால் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. முதுகில் யாருக்கும் கண் இல்லை.

கீழே போய்ச் சேர்ந்தபோது ஒலிபெருக்கி அவளை மூன்றாவது என்றது. புருஷன் கரையில் குதித்ததில் ஒரு செருப்பு தண்ணீரில் போயிற்று. செருப்பு பாலத்தைத் தாண்டுவதற்குள் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமிக்கொண்டு, பதினேழில் இரண்டு விநாடி, நான்காவது என்றது.

பதினேழாம் கேட்டின் நாற்காலியில் மாமியார் அட்டையை இன்னும் இறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவதாக வந்தவள் விளையாட்டுக் கல்லூரி மாணவி. தண்ணீரில் போகும்போது விசிலடித்துக்கொண்டே போவாள், அதனால் சீட்டி என்று பெயர். அவள் இவளிடம் ஓடி வந்தாள். "அக்கா, நான் ஒண்ணும் பண்ணலக்கா" என்றாள், ஏதோ திருடி மாட்டிக்கொண்ட மாதிரி.

அதற்குள் டயர் கடைச் செயலாளர் ஆட்சேபம் சொல்லிவிட்டார். எல்லோரும் தகரக் கொட்டகைக்குக் கீழே கூடினார்கள். தலைமை நடுவர் வாரத்தில் ஆறு நாள் பல் டாக்டர். யார் எதைச் சொன்னாலும், "எங்க, நல்லாத் திறங்க" என்று கேட்பதுபோலவே முகத்தை வைத்துக்கொள்வார். வீடியோ பார்த்தார்கள். கேமரா லென்ஸில் ஒரு பெரிய தண்ணீர்த்துளி. துளிக்குப் பின்னால் ஒரு படகு, ஒரு கம்பு, கம்பு லேசாக ஆடுகிறது. எதனால் ஆடுகிறது என்பது துளிக்குத்தான் தெரியும். பதினேழில் மாமியாரோடு உட்கார்ந்திருந்த இன்னொருவர் முடிதிருத்தும் கடைக்காரர். "சரியா அந்த நேரம் மூஞ்சில தண்ணி அடிச்சுடுச்சு சார். தொடச்சுட்டிருந்தேன். அந்தம்மா தூக்கினாங்க, நானும் தூக்கினேன்" என்று நல்லபடியாக ஒதுங்கிக்கொண்டார்.

ஆக, பார்த்தது ஒரே ஒரு ஜோடிக் கண்.

"நீங்க பார்த்ததைச் சொல்லுங்கம்மா" என்றார் பல் டாக்டர்.

"படகோட வாலு கம்பைத் தொட்டுச்சு."

"தண்ணி தெறிச்சு ஆடியிருக்கலாம் இல்லையா?"

"தண்ணி தெறிச்சா கம்பு நனையும் சார். நகராது."

"காத்து?"

"காத்து அடிச்சா ரெண்டு கம்பும் ஆடும். ஒண்ணுதான் ஆடுச்சு."

செயலாளர் இடையில் புகுந்தார். "சார், சந்தேகம்னா படகுக்காரங்களுக்குத்தான் சாதகம். இது விதி."

"எனக்குச் சந்தேகமே இல்லையே" என்றார் மாமியார்.

"உங்களுக்கு இல்லாட்டி என்னம்மா, எங்களுக்கு இருக்கு!"

பின்னாலிருந்து ஒரு குரல்: "மாமியார்னா சும்மாவா!"

கொட்டகையே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் விஷயம் இருந்தது. அங்கே கூடியிருந்தவர்களில் பாதிப் பேருக்கு மாமியார் இருந்தார், மீதிப் பேரில் பலர் தாங்களே மாமியார். ஒரு மாமியார் மருமகளுக்கு வேண்டுமென்றே இரண்டு விநாடி போட்டாள் என்பதை நம்புவதற்கு அவர்களுக்கு வீடியோ தேவைப்படவில்லை. பல் டாக்டர்கூட வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். மாமியார் மட்டும் நேராக நின்றார். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று பழகிய நிற்பு.

"சார், சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன்" என்றார் செயலாளர், சொல்லக் கூடாததைச் சொல்கிறவர்களின் சந்தோஷத்தோடு. "போன வருஷம்தான் இந்தம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் ஆச்சு. கண்ணாடி போட்டிருக்காங்க பாருங்க. அந்தக் கரைலேர்ந்து வாலு தெரிஞ்சுதாம், தொட்டது தெரிஞ்சுதாம்!"

பல் டாக்டருக்கு அப்பாடா என்று இருந்தது. யாரையும் பொய் சொன்னாய் என்று சொல்லாமல் முடித்துவிட ஒரு வழி கிடைத்துவிட்டது. முட்டியின் பக்கம் திரும்பினார். "நீங்க கண்ணாடிக் கடைலதானே இருக்கீங்க? அவங்க பார்வை எப்படி? நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா முடிஞ்சுது."

முட்டியின் ஹெல்மெட்டிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாமியாருக்குப் பின்னால் நின்ற புருஷன், ஒற்றைச் செருப்போடு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினாற்போல் பிடித்துக் காட்டினான். துளியூண்டு சொல்லு, போதும் என்று அர்த்தம். பெற்ற தாயின் கண்ணைத் துளியூண்டு குறைத்துக்கொள்ள அவன் சம்மதித்துவிட்டான்.

தண்ணி தெறிச்சா கண்ணாடி மங்கும் சார். இவ்வளவு சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை, எந்தக் கண்ணாடியும் மங்கத்தான் செய்யும். சொன்னால் சட்டை கிடைக்கும். சீட்டிக்கு வயது இருக்கிறது, அடுத்த வருடம் போவாள். மாமியாரைப் பற்றி ஊர் நாலு நாள் சிரிக்கும், ஐந்தாம் நாள் மறக்கும். தான் தொட்டோமா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. யோசித்துப் பார்த்தாள், உடம்பில் எங்கேயும் அந்தத் தொடுகை இல்லை. தொடவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த லென்ஸை அவள்தான் தேய்த்தாள். மாமியார் அதை மூன்று தடவை திருப்பிக் கொடுத்திருந்தார். படி இரண்டாகத் தெரிகிறது என்று ஒரு தடவை, காதைக் கடிக்கிறது என்று ஒரு தடவை, எல்லாம் சரியாக இருக்கிறது, அதுதான் சந்தேகமாக இருக்கிறது என்று ஒரு தடவை. மூன்றாவது தடவை முட்டி தானே பக்கத்தில் நின்று, சுவரில் மாட்டிய பலகையின் கடைசி வரிவரை படிக்க வைத்தாள். அதற்குக் கீழே அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. அதையும் படித்துவிட்டுத்தான் மாமியார் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"தூரத்துக்கு நல்லாத் தெரியும் சார்" என்றாள் முட்டி.

"நல்லான்னா?"

"என்னைவிட நல்லா."

செயலாளர் தலையில் கைவைத்துக்கொண்டு, டயர் அடுக்கின் மேல் உட்காருகிற மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த இரண்டு விநாடி அபராதம் அப்படியே நின்றது. சீட்டி மூன்றாவது, முட்டி நான்காவது.

இதை யாரும் நேர்மை என்று ஃபிரேம் போட்டு மாட்ட வேண்டாம். அவளைக் கேட்டால் அவளே சிரிப்பாள். தான் செய்த கண்ணாடியை எவனோ டயர் கடைக்காரன் குறை சொன்னானே என்று பாதி. மீதிப் பாதி என்னவென்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

கிளப் வேன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. வீட்டுப் படியில் படகு ஏறியது. முன்னால் புருஷன், பின்னால் முட்டி, அதற்கும் பின்னால் ஃபிளாஸ்க்கும் மடக்கு நாற்காலியுமாக மாமியார். முதல் மாடிக்காரர் கதவைத் திறந்து, மூன்று முகங்களையும் பார்த்துவிட்டு, கப்பலை விசாரிக்காமல் மூடிக்கொண்டார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் படகின் வால் சுவரில் 'டொக்' என்று இடித்தது. மூன்று பேருக்கும் கேட்டது. மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. அதில் ஒருவர் திறக்காமலிருக்க எவ்வளவு பாடுபட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

படகைச் சுவரோரம் படுக்க வைத்தார்கள். முட்டி முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அதன்மேல் ஓர் ஈரத் துண்டு.

அந்தத் துண்டுதான் காரணம். அல்லது அதுவும் இல்லையென்றால் வேறு ஏதாவது கிடைத்திருக்கும். முட்டி அதை எடுத்துத் தரையில் வீசினாள். "தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல அத்தை? ஒரே ஒரு வார்த்தை. சரியாத் தெரியலன்னு. பஸ்ல எத்தனை பேரை விட்டிருப்பீங்க!"

"ஒருத்தரையும் விட்டதில்ல."

"அதான! உங்க தம்பியையே விடல, நான் யாரு? மூணாவது அத்தை! மூணாவதா வந்திருந்தேன்!" அவள் குரல் உடைந்தது. படகின் பக்கத்தில் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்து அழுதாள். உட்காரத் தெரிந்த விதத்தில்தானே உட்கார முடியும்.

மாமியார் துண்டைக் குனிந்து எடுத்தார். மடித்தார். மறுபடி பிரித்தார். "ஏம்மா, நீ சொல்லியிருக்கலாம்ல, எனக்குக் கண்ணு தெரியலன்னு?"

முட்டி நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாருந்தான் உன் வாயைப் பார்த்துட்டிருந்தாங்க. நான் பெத்தவன்கூட பின்னாடி நின்னு விரலை ஆட்டிட்டிருந்தான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நீ ஏன் சொல்லல?"

முட்டி படகின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

"சொல்லு. ஏன் சொல்லல?"

"உங்களுக்குத்தான் கண்ணு தெரியுதே" என்றாள் முட்டி எரிச்சலாக.

"எனக்கும் அப்படித்தான்."

குளியலறைக் கதவு கொஞ்சம் திறந்தது. "பின்னாடி நின்னு விரலை ஆட்டினது எப்படிம்மா தெரிஞ்சுது? முதுகுல யாருக்கும்..." என்று ஆரம்பித்த புருஷன், இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஒரு வாரம் வீட்டில் பேச்சு அளவாக இருந்தது. அடுத்த ஞாயிறு மாமியார் மடக்கு நாற்காலியை எடுக்கவில்லை. "நான் வரல. என்னால உனக்கு வம்பு" என்றார். முட்டிதான் நாற்காலியைக் கையில் திணித்தாள். "நீங்க வராம இருந்து நான் ஜெயிச்சா, நீங்க வராததாலதான் ஜெயிச்சேன்னு சொல்லுவாங்க. ஏறுங்க வேன்ல."

அடுத்த வருடமும் தேர்வு நடந்தது. தோள் ஊசியின் உதவியோடு ஒத்துழைத்தது. முட்டி மறுபடியும் நன்றாகத்தான் இறங்கினாள். மாமியார் அந்தத் தடவை ஒன்பதாம் கேட். ஒன்பதை ஓர் இழைகூடத் தொடாமல் கடந்துவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பில், வாலை ராணியின் மேலங்கி மாதிரி ஒதுக்கி, அற்புதமாகக் கடந்தாள். மாமியார் பூஜ்யம் தூக்கினார். முட்டி ஓரக்கண்ணால் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பத்தாம் கேட்டை விட்டுவிட்டாள். ஐம்பது விநாடி. இத்தனை வருடத்தில் அவள் செய்த மிக முட்டாள்தனமான தவறு அது என்று செயலாளர் சொன்னார். "மாமியார் பாராட்டினா மனுஷன் நிதானத்தை இழக்கத்தான் செய்வான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

நாட்டின் சட்டை அவள் உடம்பில் ஏறவேயில்லை. சீட்டி இரண்டு தடவை போய் வந்தாள். முதல் தடவை கடைசிக்கு முன்னால் வந்தாள், இரண்டாம் தடவை நடுவில் வந்தாள். திரும்பி வந்ததும் நேராகக் கண்ணாடிக் கடைப் பின்னறைக்குப் போய், மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, அந்த ஊர்த் தண்ணீர் எப்படி, கேட்டுகள் எப்படி என்று கையை ஆட்டி விவரித்தாள். முட்டி லென்ஸைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஆனால் இடையிடையே, "அங்க எடது பக்கம் போயிருக்கணும்" என்றாள். போகாத தண்ணீரில் அவள் சொன்னது சரியாகவும் இருந்தது. அன்றைக்கு மூன்று ஃபிரேம்களுக்கு லென்ஸ் சிறிதாகிப்போய் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இப்போது அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. முதுகில் எண் கிடையாது. மறுபடியும் முன்னோட்டத்துக்கு இறங்குகிறாள். முன்பு வேறு வழியில்லாமல் இறங்கினாள், இப்போது கேட்டு வாங்கி இறங்குகிறாள். கம்புகளைப் புதிதாகக் கட்டிய கால்வாயில், வேறு யாருடைய துடுப்பும் படாத தண்ணீரில் முதலில் போவது என்பது, அவள் சொல்கிறபடி, பிரிக்காத பொட்டலம். கரையில் சின்னப் பெண்கள் வரிசையாக நின்று அவளையே பார்ப்பார்கள். கடிகாரத்தைத் திருட்டுத்தனமாக அழுத்துகிற வழக்கமும் தொடர்கிறது. இப்போது பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன மாதம் ஒரு போட்டி. முட்டி முன்னோட்டம் போனாள். நடுவில் ஒரு சிவப்புக் கேட், சுழித்து ஏறினாள், இறங்கினாள். கரையில் மாமியார் 'இரண்டு' தூக்கினார்.

"அம்மா, அதை இறக்குங்க" என்று பல் டாக்டர் ஒலிபெருக்கியிலேயே சொன்னார். "அவங்க போட்டிலயே இல்ல. அவங்களுக்கு அட்டை கிடையாது."

மாமியார் இறக்கவில்லை. "போட்டில இல்லன்னா தொட்டது தொடலன்னு ஆயிடுமா?" என்று பக்கத்தில் இருந்த முடிதிருத்தும் கடைக்காரரிடம் கேட்டார். அவர் எதற்கும் இருக்கட்டும் என்று தானும் இரண்டைத் தூக்கினார்.

முட்டி அந்த அட்டையைப் பார்த்துவிட்டாள். பாதி ஓட்டத்தில் படகைக் கரையோரத் தேங்கலுக்குள் ஒதுக்கி, ஒரு கையால் புல்லைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"எங்க அத்தை?"

"வால்ல!"

"எந்தப் பக்கம்?"

"எடது! இறங்கும்போது. கொஞ்சம் முன்னாடியே திரும்பிட்ட!"

முட்டி ஒரு நிமிடம் தண்ணீரைப் பார்த்தாள். உடம்பில் எங்கேயும் தெரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். படகிலிருந்து இறங்கி, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஈரக்காலோடு கரைமேல் தொடக்க இடத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

"முட்டியம்மா, முன்னோட்டம் ஒரு தடவைதான்!" என்றது ஒலிபெருக்கி. "போட்டியாளர்களெல்லாம் காத்திருக்காங்க!"

"இருக்கட்டும்" என்று மாமியார் இந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். "அவ ஒழுங்காப் போய்ட்டு வரட்டும்."

போட்டி கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது.